சித்தப்பாவின் பங்குகளை வாங்கலாம்

சித்தப்பாவை ஒழித்துக்கட்ட அவள் கையில் இருந்தது ஒரே ஒரு அறிக்கைதான். ஆடைக் கம்பெனிகளின் பங்குகள் வரும் ஆண்டில் ஏறுமா இறங்குமா என்று வருடத்துக்கு ஒரு முறை அவள் எழுதும் அறிக்கை. ஐந்து கம்பெனிகள். ஒவ்வொன்றின் கடைசியிலும் ஒரு சொல்: வாங்கலாம், வைத்திருக்கலாம், விற்றுவிடலாம். பணம் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் அந்தச் சொல்லைப் பார்த்துத்தான் அந்தப் பக்கம் போவதா இந்தப் பக்கம் போவதா என்று முடிவு செய்வார்கள். மீதிப் பேர், அந்தப் பாதிப் பேர் எங்கே போகிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பின்னால் ஓடுவார்கள்.

அவள் பங்குத் தரகுக் கம்பெனி ஒன்றில் ஆய்வாளர். அலுவலகத்தில் அவளுக்குக் 'கத்தரி' என்று பட்டப்பெயர். அப்பா சட்டைத் துணி வெட்டும் கட்டராக இருந்தவர் என்பது ஒரு காரணம். ஒரு கம்பெனி உருப்படாது என்று தோன்றினால் ஈவு இரக்கம் பார்க்காமல் நறுக்கிவிடுவாள் என்பது இன்னொன்று. கூட வேலை பார்த்த ஆண்கள் எல்லாம் கணினித் திரையிலேயே ஆடைத் தொழிலைக் கரைத்துக் குடித்தவர்கள். பருத்தி விலை, கூலி, ஏற்றுமதி வரி என்று கட்டம் கட்டமாகப் போட்டு வைத்திருப்பார்கள். அவளும் அதையெல்லாம் பார்ப்பாள். ஆனால் எழுத உட்காரும் முன் கடை கடையாகப் போய், துணி போட்டுப் பார்க்கும் டிரையல் ரூம் வாசலில் நின்றுகொள்வாள். உள்ளே போகிறவர் எடுத்துப்போன சட்டையோடு வெளியே வருகிறாரா, கொக்கியிலேயே மாட்டிவிட்டு வருகிறாரா? கொக்கியில் எந்தக் கம்பெனிச் சட்டை அதிகம் தொங்குகிறதோ, அந்தக் கம்பெனிக்கு அடுத்த வருடம் போதாத காலம். துணி கெட்டுப்போகாது என்று நினைக்கிறவன் அந்தத் தொழிலுக்கே வரக் கூடாது. கீரையைவிடச் சீக்கிரம் வாடிப்போவது சட்டைதான். இப்படி நின்று பார்த்து எழுதியதில் அவள் சொன்னது பொய்த்ததே இல்லை, வேண்டுமென்று பொய் எழுதியதும் இல்லை.

ஐந்தில் ஒன்று சித்தப்பாவின் கம்பெனி. வேலையில் சேரும்போதே மேனேஜரிடம் இதைச் சொல்லிவிட்டாள்.

"பேச்சுவார்த்தை உண்டா?" என்று மேனேஜர் கேட்டார்.

"பல வருஷமா இல்ல சார்."

"ஷேர் ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

"ஒண்ணுகூட இல்ல."

"அப்போ ரொம்ப நல்லது. தாராளமா எழுதுங்க."

சொந்தக்காரன் காசைக் கொடுத்துப் புகழ்ந்து எழுதவைப்பான் என்றுதான் அவருக்குப் பயம். ஜென்மப் பகை இருந்தால் அந்தத் தொல்லை இல்லை என்று அந்தப் புத்திசாலி முடிவு செய்துவிட்டார்.

அந்தக் கம்பெனியை ஆரம்பித்தது அண்ணன் தம்பி இரண்டு பேரும்தான். ஒரு சந்துக்குள் தகரக் கூரை போட்ட கொட்டகையில், வாடகைத் தையல் மெஷின்களோடு. அப்பா வெட்டுவார், சித்தப்பா விற்பார். அப்பாவுக்கு வாயைத் திறக்கத் தெரியாது, சித்தப்பாவுக்கு வாய்தான் மூலதனம். கம்பெனி வளர்ந்து, பங்குகள் சந்தைக்குப் போகிற நேரம் வந்தது. "ஒருத்தர் பேர்ல இருந்தாத்தான் வாங்கறவங்களுக்கு நம்பிக்கை வரும் அண்ணா. இது சும்மா பேப்பருக்குத்தான்" என்று சொல்லி சித்தப்பா கையெழுத்துக் கேட்டார். அப்பா படிக்காமலே போட்டார், அவர் பங்கு முழுக்கத் தம்பி பேருக்குப் போனது. தம்பி நீட்டுகிற காகிதத்தைப் படித்துப் பார்த்தால் தம்பிக்கு மனசு கஷ்டப்படுமே என்று நினைத்தாராம்.

பங்கு சந்தைக்கு வந்த அன்றைக்கு மேடையில் சித்தப்பா மட்டும் மாலையோடு நின்றார். அப்பாவுக்கு ஒரு பார்சல் வந்தது. உள்ளே கம்பெனியின் புதுச் சட்டை, இரண்டு சைஸ் சின்னது. ஊரார் தோளையெல்லாம் கண்ணாலேயே அளந்து வெட்டிய மனிதருக்கு, ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்த தம்பி அனுப்பிய சட்டையில் பொத்தான் போட முடியவில்லை. அம்மா அதை வாங்கி உள்ளே வைத்தாள். அப்போது கல்லூரியில் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்த மகள், இந்த ஆளை நடுத்தெருவில் நிறுத்தாமல் விடுவதில்லை என்று முடிவெடுத்தாள். அப்புறம் எடுத்த படிப்பு, தேடிய வேலை எல்லாம் அதற்காகத்தான். கல்யாணப் பேச்சு தள்ளிப்போனது, பிறகு பேச்சே எழவில்லை.

அப்பா அதற்குப் பிறகு கத்தரியைத் தொடவில்லை. காலையில் சந்தை திறக்கும்போது டிவி முன்னால் உட்காருவார். திரையின் அடியில் ஓடும் பங்கு விலைகளில் தம்பியின் கம்பெனி வரும்வரை கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார். இறங்கியிருந்தால் இரண்டு வாய் கூடச் சாப்பிடுவார், ஏறியிருந்தால் தட்டைத் தள்ளிவிடுவார். அம்மா எப்படிச் சமைத்தாள் என்பதற்கும் அவர் பசிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. "இது ஒரு பொழப்பா" என்று அம்மா சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துபோனாள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு தடவை நல்ல வாய்ப்பு வந்தது. சித்தப்பாவின் சட்டைகள் கொக்கியில் தொங்கத் தொடங்கியிருந்தன. அவள் உள்ளம் குளிர, 'விற்றுவிடலாம்' என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி எழுதினாள். பங்கு சரிந்தது. அப்பா வயிறாரச் சாப்பிட்டார். ஆனால் என்ன நடந்தது? சித்தப்பா அந்த அறிக்கையை வரிவரியாகப் படித்து, அவள் குறை சொன்ன ஒவ்வொன்றையும் சரி செய்தார். விற்காத ரகத்தை நிறுத்தினார், உற்பத்தியைக் குறைத்தார், நஷ்டத்தில் ஓடிய கடைகளை மூடினார். அடுத்த வருடமே பங்கு பழையபடி ஏறிவிட்டது. போதாததற்கு அலுவலகத்துக்கு ஒரு பூங்கொத்து வேறு அனுப்பினார், 'நல்ல யோசனைக்கு நன்றி, அன்புடன் சித்தப்பா' என்று. மேனேஜர் உள்பட எல்லாரும் பார்த்துச் சிரித்தார்கள். விஷம் என்று நினைத்து அவள் ஊட்டியது மருந்தாகிப் போயிருந்தது. பூங்கொத்தைக் குப்பைக் கூடையில் திணித்தாள்.

இந்த வருடம் மறுபடியும் சட்டைகள் தொங்கின. பெரிய கடை ஒன்றில், டிரையல் ரூம் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து டோக்கன் கொடுக்கும் அக்கா ஒருத்தி இருந்தாள். வருடா வருடம் பார்த்துப் பார்த்து இருவருக்கும் நல்ல பழக்கம். கத்தரியின் உறவுமுறை அந்த அக்காவுக்குத் தெரியாது.

"அந்தக் கம்பெனிச் சட்டையா? அதை ஏன் கேக்கறீங்க" என்றாள் டிரையல் ரூம் அக்கா. "போட்டுப் பாக்கறாங்க, கண்ணாடில திரும்பித் திரும்பிப் பாக்கறாங்க, மாட்டிட்டுப் போயிடறாங்க. காலர் கழுத்தைக் கடிக்குதாம். நாள் பூரா அதை மடிச்சு வெக்கறதுதான் எனக்கு வேலை."

போன கடைகளிலெல்லாம் இதே கதைதான். கத்தரி துள்ளிக்குதிக்காத குறையாக வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னாள். "இந்தத் தடவை ஆளு தப்பிக்க முடியாதுப்பா. கிழிச்சுத் தொங்க விடறேன்."

அப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வேணாம்" என்றார்.

"என்ன வேணாம்?"

"திட்டாதே. போன தடவை திட்டினே, திருந்திட்டான். அவனைப் புகழணும்மா. சின்ன வயசுலேருந்து அவனைப் பாக்கறேன். யாராவது ஒருத்தன் நல்லா இருக்குன்னு சொல்லிட்டாப் போதும், நூறு சட்டை தைக்கற இடத்துல ஆயிரம் தைக்கச் சொல்லுவான். கடன் வாங்குவான், கடை திறப்பான். நான்தான் கையைப் பிடிச்சு நிறுத்துவேன். இப்போ நிறுத்த யாரு இருக்கா?"

வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாத மனிதர் என்று ஊர் சொன்ன அப்பா, இத்தனை காலமும் டிவி முன்னால் உட்கார்ந்து இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாரா?

"பொய் எழுதச் சொல்றீங்களாப்பா?"

"நான் எழுதச் சொல்லல. அவன் எப்படிப்பட்டவன்னு சொன்னேன்" என்றார் அப்பா. பிறகு ஒரு நிமிடம் கழித்து, "எனக்கு வேற யாரு இருக்கா, நீ செய்யாம?" என்றார்.

அடுத்த சில நாட்கள் அவள் தன்னோடு சண்டை போட்டாள் என்று சொன்னால் அழகாக இருக்கும். உண்மையில் ரொம்ப நேரம் சண்டை நடக்கவில்லை. கணக்கு அவ்வளவு சுத்தமாக இருந்தது. முதலில் புகழ்வது. பங்கு ஏறும், சித்தப்பா தலைகால் புரியாமல் கடன் வாங்கிக் கடைகளும் ஆலைகளுமாகப் பரப்புவார். எல்லாப் பணமும் செங்கல்லாகவும் துணியாகவும் மாறி முடிந்த பிறகு, உண்மையை எழுதுவது. அப்போது திருந்த நேரம் இருக்காது. அவள் இத்தனை வருடம் பொத்திப் பொத்தி வைத்திருந்த நல்ல பெயர் இதற்குக்கூட உதவாவிட்டால் வேறு எதற்கு?

மற்ற நான்கு கம்பெனிகளைப் பற்றி வழக்கம்போல் நேர்மையாக எழுதினாள். நூற்பாலை: பருத்தி விலை ஏறுகிறது, விற்றுவிடலாம். பள்ளிச் சீருடைக் கம்பெனி: பிள்ளைகள் வளர்வது நிற்கப் போவதில்லை, வாங்கலாம். இணையத்தில் மட்டும் விற்பவர்கள்: அனுப்புவதில் பாதி திரும்பி வருகிறது, அந்தப் போக்குவரத்துச் செலவே அவர்களை விழுங்கிவிடும், விற்றுவிடலாம். உள்ளாடைக் கம்பெனி: எவ்வளவு கெட்ட காலத்திலும் மனிதன் அது இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டான், வைத்திருக்கலாம். ஐந்தாவதுக்கு வந்ததும் தேர்ந்த கட்டர் துணியில் வளைவு எடுப்பதுபோல நிதானமாக, ஒரு இடத்திலும் பிசிறு தெரியாமல் பொய்யை வெட்டினாள். கடைகளில் இந்தச் சட்டைகளுக்குப் புது வரவேற்பு தெரிகிறது. கைவசம் உள்ள சரக்கு வேகமாக நகர்கிறது. இரண்டு வருடத்தில் பங்கு விலை இரட்டிப்பாகும். வாங்கலாம்.

மேனேஜர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்களா இதை எழுதினீங்க? பகையாளியையே புகழ்ந்திருக்கீங்கன்னா அப்போ விஷயம் நிஜமா பெருசுதான்."

சந்தையும் அப்படியே நினைத்தது. கத்தரி ஒருவரைப் புகழ்ந்தாள் என்ற செய்தியே போதுமானதாக இருந்தது. பங்கு ஏறியது, மறுநாளும் ஏறியது, அந்த வாரம் முழுக்க ஏறிக்கொண்டே இருந்தது. வீட்டில் ஒரு அதிசயம் நடந்தது. பங்கு ஏற ஏற அப்பா சாப்பிட்டார். சட்டிச் சோறும் காலியாவதைப் பார்த்து அம்மா பயந்தேபோனாள். "இறங்கினாத்தானே சாப்பிடுவீங்க?" என்று கேட்டாள். "ஏறட்டும், ஏறட்டும். மேல போனாத்தானே விழும்போது எலும்பு உடையும்" என்றார் அப்பா.

சித்தப்பா தொலைபேசியில் அழைத்தார். குரலில் தேன் ஒழுகியது. "அம்மாடி, படிச்சேன். கண்ணுல தண்ணி வந்துடுச்சு. என்ன இருந்தாலும் ரத்தம் ரத்தம்தான்."

"எழுதவேண்டியதை எழுதினேன் சித்தப்பா" என்றாள் அவள். சித்தப்பா என்ற சொல்லை உச்சரிக்கும்போது வாய் கசந்தது. அதே வாரம் சித்தப்பா பத்திரிகைக்காரர்களைக் கூட்டி, ஊர் ஊராகப் புதுக் கடைகள் திறக்கப் போவதாகவும் இரண்டாவது ஆலை கட்டப் போவதாகவும் அறிவித்தார். டிவியில் அதைப் பார்த்த அப்பா தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததே இல்லை. அந்தச் சிரிப்புக்காக இன்னும் நான்கு பொய் எழுதலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

இதற்கு நடுவே ஒரு நாள் அதே கடைக்குப் போனாள். டிரையல் ரூம் அக்கா அவளைப் பார்த்ததும் ஸ்டூலை விட்டு எழுந்து வந்தாள். மடிக்கவேண்டிய சித்தப்பாவின் சட்டைகள் அவள் கையில் அடுக்காக இருந்தன.

"நீங்க எழுதினதை என் தம்பி காட்டினான். சேத்து வெச்சிருந்ததையெல்லாம் இந்தக் கம்பெனி ஷேர்லயே போட்டுட்டேன்."

"நீங்கதானே அக்கா சொன்னீங்க, யாருமே இதை வாங்கறதில்லன்னு?" என்றாள் கத்தரி.

"நான் பாக்கறது இந்த ஒரு கடை. நீங்க எல்லாக் கடையும் பாக்கறவங்க. உங்களுக்குத் தெரியாததா?"

விற்றுவிடுங்கள் என்று நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அக்கா தம்பியிடம் சொல்வாள், தம்பி ஊரிடம் சொல்வான், போட்ட திட்டம் பாழாகும். இன்னும் கொஞ்ச நாள்தான், அப்புறம் இந்த அக்காவுக்கு மட்டும் எப்படியாவது முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு வெளியே வந்தாள். அவள் செய்ததிலேயே கேவலமானது அந்த மௌனம்தான், அறிக்கைகூட இல்லை. அது அவளுக்கும் தெரிந்திருந்தது.

அந்தக் கொஞ்ச நாளும் கிடைக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, சந்தை மூடிய கையோடு செய்தி வந்தது. சித்தப்பா தன்னிடமிருந்த பங்குகள் அத்தனையையும், ஒன்று பாக்கியில்லாமல், பெரிய முதலீட்டு நிறுவனம் ஒன்றுக்கு விற்றுவிட்டார். உச்சத்தில் இருந்த விலைக்கு. அவள் அறிக்கை ஏற்றிவைத்த விலைக்கு.

மேனேஜர் அறையில் அவள் நின்றபடியே அதைப் படித்தாள். நடுத்தெருவில் நிறுத்தவேண்டிய ஆளைப் பல்லக்கில் ஏற்றி அனுப்பியிருந்தாள். வீட்டுக்குப் போனபோது அப்பா தட்டில் கைவைக்காமல் உட்கார்ந்திருந்தார். டிவியில் சித்தப்பாவின் முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் சித்தப்பாவே அழைத்தார். "சாவியை ஒப்படைக்கறதுக்கு முன்னாடி குடோனுக்கு ஒரு தடவை வந்துட்டுப் போம்மா. உங்கப்பா ஆரம்பிச்ச கம்பெனியாச்சே." போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்த முகத்தைப் பக்கத்தில் பார்த்துத் துப்பவேண்டும்போல இருந்தது, போனாள்.

குடோன் ஊருக்கு வெளியே, லாரிகள் திரும்பும் ஒரு மண் சாலையின் கடைசியில் இருந்தது. சித்தப்பா ஒரு தடியை ஊன்றி நின்றிருந்தார். பக்கத்தில் யாரும் இல்லை. இரும்புக் கதவைத் தள்ளி விளக்கைப் போட்டார். தரையிலிருந்து கூரைவரை அட்டைப் பெட்டிகள். நடக்க ஒருத்தருக்குத்தான் வழி. ஓரத்துப் பெட்டிகள் கனம் தாங்காமல் வாய் பிளந்து, உள்ளேயிருந்து சட்டைக் கைகள் தொங்கின. எல்லாம் கடையிலிருந்து திரும்பி வந்தவை. காலர் மடிப்பில் பழுப்பு ஏறியிருந்தது.

"சரக்கு வேகமா நகருதுன்னு எழுதியிருந்தியே" என்றார் சித்தப்பா. "நகர்ந்து நகர்ந்து எல்லாம் இங்கதான் வந்து சேர்ந்திருக்கு."

அவள் தொங்கிய சட்டை ஒன்றை இழுத்துக் காலரைத் திருப்பிப் பார்த்தாள்.

"முதல் பக்கத்துலயே தெரிஞ்சுடுச்சும்மா எனக்கு. கடை கடையா நின்னு பாக்கற பொண்ணு நீ. என் சட்டை தொங்கறது உனக்குத் தெரியாம இருக்குமா? தெரிஞ்சும் புகழறான்னா, இவ எனக்குக் குழி வெட்டறா. யார் யோசனை? எங்க அண்ணன் யோசனை. என்னைப் புகழ்ந்தா ஆடுவேன்னு அவருக்கு நினைப்பு." சித்தப்பா ஒரு பெட்டியின்மேல் மெதுவாக உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டார். "அவருக்கு நான் இன்னும் அந்தக் கொட்டகைல இருந்த தம்பி. எனக்கு வயசாயிடுச்சு. ரெண்டு வருஷமா இதை யார் தலைல கட்டலாம்னு அலைஞ்சேன், ஒருத்தனும் ஏறெடுத்துப் பாக்கல. நீ எழுதின அடுத்த வாரம் வரிசைல நின்னாங்க."

"புதுக் கடை, புது ஆலைன்னு சொன்னீங்களே?"

"சொன்னேன். எங்க திறந்தேன்? வாங்க வர்றவன் காதுல விழணும்ல."

"சரக்கு இங்க இப்படிக் கெடக்கறதை அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"கேட்டாங்க. எல்லாம் ஓடிட்டிருக்குன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உன் அறிக்கையையும் கூட வெச்சேன். அதைப் பார்த்த பிறகு குடோனுக்கு ஆள் அனுப்பணும்னு அவங்களுக்குத் தோணவே இல்ல."

"நான் இதை வெளியில சொல்லிட்டா?" என்றாள்.

சித்தப்பா அவளைப் பரிவோடுதான் பார்த்தார். அதுதான் தாங்கவில்லை. "சொன்னா என்னைப் பிடிப்பாங்க. பணத்தை முடக்குவாங்க. ஆனா முதல்ல உன்னைப் பிடிப்பாங்க. தெரிஞ்சே பொய் எழுதினவ நீ. வேலை போகும், இந்தத் தொழில்லயே இருக்க முடியாது, என்கூட நீயும் உள்ள போகணும். நீ வேணா ஆத்திரத்துல போவே. அண்ணன் விடுவாரா? எவ்வளவு கோவம் இருந்தாலும் பெத்த பொண்ணைக் கொடுத்து என்னைப் பிடிக்க மாட்டார். எனக்கு அண்ணனைத் தெரியும்." தடியை ஊன்றி எழுந்தார். "வா, டீ குடிச்சுட்டுப் போ."

டீ குடிக்காமல் வந்தாள். வழியெல்லாம் அவளுக்குள் ஒரே ஒரு நெருப்புதான். இந்த ஆள் நிம்மதியாகத் தூங்கக் கூடாது. தான் வெந்தாலும் பரவாயில்லை, இவர் வேக வேண்டும். வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து, சந்தையைக் கண்காணிக்கும் வாரியத்துக்கு எழுதத் தொடங்கினாள். தன் அறிக்கை பொய் என்பது, அது பொய் என்று சித்தப்பாவுக்குத் தெரியும் என்பது, குடோனில் பார்த்தது, அவர் தன் வாயால் சொன்னது. டிரையல் ரூம் அக்காவைப் போன்றவர்கள் தன் பெயரை நம்பிப் பணம் போட்டார்கள் என்பதையும் எழுதினாள். அப்பாவைப் பற்றி மூச்சு விடவில்லை. 'இது முழுக்க என் சொந்த முடிவு, வேறு யாருடைய தூண்டுதலும் இல்லை' என்று ஒரு வரி போட்டு அவரைப் பத்திரமாக வெளியே நிறுத்தினாள். அந்த ஒரு வரியை எழுதும்போது மட்டும் அவளுக்கு மனசு இளகியிருந்தது.

எழுதி முடித்து, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கேட்கும்படி படித்தாள். அம்மா ஈரக் கையோடு அடுக்களை வாசலில் நின்றாள்.

"இதை அனுப்பினா விசாரணை வரும்ப்பா. வித்த பணம் முடங்கும். குடோனைப் போய்ப் பாப்பாங்க."

"அவன் உள்ள போவானா?" என்றார் அப்பா.

"போவார்."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

அப்பாவின் முகத்தில் அன்றைக்குத் தொடையில் தட்டிச் சிரித்தபோது வந்த வெளிச்சம் வந்தது. அவள் காத்திருந்தாள். அடுத்தது தன்னைப் பற்றித்தான் கேட்பார் என்று காத்திருந்தாள். வேண்டாம் என்றுகூட அவர் சொல்லவேண்டியதில்லை. உனக்கு என்ன ஆகும் என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், அப்புறம் சந்தோஷமாகவே உள்ளே போய்விடுவாள்.

கேட்டது அம்மாதான். "ஏங்க, இவளுக்கு என்ன ஆகும்?"

"அவளுக்கு என்ன? படிச்சவ, பொழச்சுக்குவா" என்றார் அப்பா. "அனுப்பும்மா. யோசிக்காதே. அவன் பணத்தை எடுத்துட்டு எங்கயாவது ஓடிடப் போறான்."

அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள். கத்தரி அப்பாவைப் பார்த்தாள். ஏமாந்த மனிதர், பாவப்பட்ட மனிதர் என்று இத்தனை வருடம் நெஞ்சில் தூக்கிச் சுமந்த முகம். அந்த முகம் அவளைப் பார்க்கவே இல்லை. திரையின் அடியில் ஓடும் எழுத்துக்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. சித்தப்பாவின் மேல்கூட அவளுக்கு இவ்வளவு ஆத்திரம் வந்ததில்லை. தம்பியாவது ஒரு கம்பெனிக்காக அண்ணனை விற்றார். இவருக்கு மகளைக் கொடுக்க, தம்பி உள்ளே போவான் என்ற ஒரு செய்தி போதுமாக இருந்தது.

மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். 'வேறு யாருடைய தூண்டுதலும் இல்லை' என்ற வரியைத் தேடி அழித்தாள். அந்த இடத்தில், புகழ்ந்து எழுதும் யோசனையைத் தந்தவர் யார், எந்த அறையில், என்ன சொல்லித் தந்தார் என்பதை உள்ளது உள்ளபடி எழுதினாள். கீழே அப்பாவின் முழுப்பெயரையும் வீட்டு முகவரியையும் சேர்த்தாள். ஒரு தடவை படித்துப் பார்த்தாள். பொய் ஒரு சொல்கூட இல்லை. அனுப்பினாள்.

"அனுப்பிட்டியா?" என்று அப்பா கேட்டார்.

"அனுப்பிட்டேன்."

"ஒண்ணு விடாம எழுதிட்டேல்ல?"

"ஒண்ணு விடல. எல்லாரையும் கூப்பிட்டு விசாரிப்பாங்க."

"விசாரிக்கட்டும், விசாரிக்கட்டும்" என்றார் அப்பா. அம்மாவிடம் திரும்பி, பசிக்கிறது, தட்டைப் போடு என்று சொன்னார்.